காலாவதியான புள்ளிகள்: அது என் பணமா, அவர்கள் தந்த சலுகையா?

வழிப்போக்கி:
முந்தாநாள் இரவு, தங்கும் விடுதிக் குழுமம் ஒன்றின் புள்ளித் திட்டத்தில் இருக்கும் என் உறுப்பினர் கணக்கைத் திறந்தேன். 86,400 புள்ளிகள் இருந்த இடத்தில் பூஜ்யம். நான் சுயதொழில் செய்பவள். மூன்று ஆண்டுகள் தொழில் நிமித்தம் ஊர் ஊராக அலைந்து, ஒரே குழுமத்தின் விடுதிகளில் தங்கி, ஒவ்வோர் இரவுக்கும் கைப்பணம் கொடுத்துச் சேர்த்தவை அவை. பக்கத்திலேயே குறைந்த வாடகைக்கு நல்ல அறை கிடைத்த நாள்களிலும் புள்ளிக்காக இவர்களிடமே போனேன். அம்மா அப்பாவின் நாற்பதாம் திருமண நாளுக்கு அவர்களை ஐந்து இரவுகள் கடலோரமாகத் தங்கவைக்க வேண்டும் என்று எண்ணி, ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் வைத்திருந்தேன்.

பிறகு அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை. 14 மாதங்கள் வீட்டைவிட்டு நகரவில்லை. 12 மாதங்கள் கணக்கில் அசைவு இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதி ஆகிவிடும் என்று விதிமுறையில் இருக்கிறதாம். தொலைபேசியில் கேட்டால் "விதி அதுதான்" என்கிறார்கள். நான் கொடுத்த பணத்தின் ஒரு பங்குதானே அந்தப் புள்ளி? அதை அழிக்க அவர்களுக்கு என்ன உரிமை?

ஐந்தொகை:
அப்பா நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அதை உரிமை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. நீங்கள் அறைக்குப் பணம் கொடுத்தீர்கள், அறை கிடைத்தது. புள்ளி என்பது நிபந்தனையோடு கூடிய வாக்குறுதி. நிபந்தனை நீங்கள் சேர்ந்த நாளிலேயே இருந்தது.

நான் கணக்கியல் துறையில் இருப்பவன். பயன்படுத்தப்படாத ஒவ்வொரு புள்ளியும் நிறுவனத்தின் புத்தகத்தில் கடனாக நிற்கிறது. ஒருமுறை தங்கிவிட்டு மறந்தே போனவர்களின் கணக்குகள் ஆண்டுக்காண்டு குவியும். கெடுவே இல்லாவிட்டால் அந்தச் சுமையை வேறு வழியில் இறக்குவார்கள். 10,000 புள்ளிக்குக் கிடைத்த அறைக்கு 16,000 கேட்பார்கள். விடுதிக் குழுமங்களில் ஹில்டன், எந்த அறைக்கு எத்தனை புள்ளி என்ற தன் நிலையான பட்டியலை 2017-இல் நீக்கியது, மாரியட் 2022-இல் நீக்கியது. இன்று ஓர் அறைக்கு எத்தனை புள்ளி என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. மதிப்பு கண்ணுக்குத் தெரியாமல் தேய்வதைவிட, எழுதி வைத்த கெடு நேர்மையானது.

வழிப்போக்கி:
நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஹில்டனும் மாரியட்டும் பட்டியலை நீக்கியபோது காலாவதி விதியையும் நீக்கினார்களா? இரண்டிலும் கெடு இன்றும் இருக்கிறது, இப்போது 24 மாதம். புள்ளியின் மதிப்பைக் காப்பாற்றத்தான் கெடு என்றால், கெடு இருந்த இடத்திலேயே மதிப்பு ஏன் தேய்ந்தது?

நாலுமூலை:
"அறைக்குப் பணம் கொடுத்தீர்கள், அறை கிடைத்தது" என்பது ஐந்தொகை ஐயாவின் துறைக்கே பொருந்தாத பேச்சு. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரம் என்ன சொல்கிறது? விருந்தினர் கொடுத்த தொகையில் ஒரு பகுதி புள்ளிகளுக்கானது என்று பிரித்து, அதை உடனே வருமானமாகக் காட்டாமல் தள்ளிவைக்கச் சொல்கிறது. அவர்கள் புத்தகத்தின்படியே சகோதரி அந்தப் புள்ளிகளுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். உள்ளே முன்பணம் என்று எழுதிக்கொண்டு, வெளியே அன்பளிப்பு என்று பேசுவது என்ன நியாயம்?

ஐந்தொகை:
தரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அன்பளிப்பு என்று நான் சொல்லவில்லை. நிபந்தனையுள்ள வாக்குறுதி என்றேன். அதே தரத்தின் மறுபாதியையும் பாருங்கள். எத்தனை புள்ளிகள் பயன்படாமலே போகும் என்று நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிடலாம். பிரேக்கேஜ் என்பார்கள். அந்தப் பங்கை, மற்றவர்கள் தங்கள் புள்ளிகளைச் செலவழிக்கும் விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்தில் சேர்ப்பார்கள். ஆகவே, வழிப்போக்கி அவர்களின் கணக்கு பூஜ்யமான அன்று யாருக்கும் திடீர் லாபம் வரவில்லை. ஒரு பங்கு போய்விடும் என்ற கணக்கின் மேல்தான் ஓர் இரவுக்கு எத்தனை புள்ளி தரலாம் என்று முடிவு செய்திருப்பார்கள். எல்லாப் புள்ளியும் என்றென்றும் உயிரோடு இருக்கும் என்றால், முதலிலேயே குறைவாகத்தான் கொடுத்திருப்பார்கள்.

முன்மேசை:
ஒன்பது ஆண்டுகள் விடுதி வரவேற்பில் வேலை பார்த்தேன். பணம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். பெரிய குழுமங்களின் பெயர் தாங்கிய விடுதிகளில் பெரும்பாலானவை அந்தக் குழுமத்துக்குச் சொந்தமானவை அல்ல, வேறு முதலாளிகளுடையவை. உறுப்பினர் ஒருவர் தங்கினால், அவருடைய பில்லில் ஒரு விகிதத்தை விடுதி உரிமையாளர் புள்ளித் திட்டத்துக்குக் கட்டுகிறார். பின்னால் ஒருவர் புள்ளி கொடுத்துத் தங்கினால், திட்டத்தின் நிதியிலிருந்து விடுதிக்குப் பணம் வருகிறது. அறைகள் காலியாகக் கிடக்கும் நாளில் சிறு தொகை, விடுதி கிட்டத்தட்ட நிரம்பிய நாளில் வழக்கமான வாடகைக்கு நெருக்கமான தொகை.

அப்படியென்றால், வழிப்போக்கி தங்கியபோது அந்த முதலாளிகள் கட்டிய பணம் நிதிக்குப் போய்விட்டது. புள்ளி அழிந்ததால் அது முதலாளிக்கும் திரும்பவில்லை, விருந்தினருக்கும் வரவில்லை. ஆனால் கோபத்தோடு வருபவர்கள் நிற்பது எங்கள் மேசை முன்னால். எங்கள் கணினியில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்ட வழி கிடையாது.

இன்னொன்றையும் கண்ணால் பார்த்தேன். மாதம் பத்து நாள் பயணம் போகிறவருக்குக் கெடு ஒரு பொருட்டே இல்லை. இழந்துவிட்டு வந்தவர்கள் கைக்குழந்தைக்காரர்கள், வேலை போனவர்கள், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இருந்தவர்கள். ஐஎச்ஜி என்ற விடுதிக் குழுமத்தின் திட்டத்தில், அடிக்கடி தங்கி உயர்நிலை பெற்ற உறுப்பினரின் புள்ளிகள் அந்த நிலை நீடிக்கும்வரை காலாவதி ஆவதில்லை. சாதாரண உறுப்பினருக்கு மட்டும் 12 மாதம். யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவரிடமிருந்து எடுக்கிற ஏற்பாடு இது. மறந்துபோன கணக்குகளைப் பற்றி ஐயா சொன்னார். நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்திருந்தவரின் கணக்கும் பட்டியலில் அதே வரிசையில்தான் வரும்.

சிக்கனம்:
வாதம் ஒருபக்கம் இருக்கட்டும், படிக்கிறவர்களுக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன். மாரியட், ஹில்டன், ஹயாட் மூன்றிலும் 24 மாதங்கள் அசைவு இல்லாவிட்டால் போய்விடும். அக்கோரில் ஓராண்டு. விண்டத்தில் 18 மாதங்கள். அதோடு விண்டத்தில், கணக்கில் எவ்வளவு அசைவு இருந்தாலும் ஈட்டிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளில் அந்தப் புள்ளி முடிந்துவிடும். பெஸ்ட் வெஸ்டர்னில் காலாவதியே இல்லை.

அசைவு என்றால் போய்த் தங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பல திட்டங்களில் சிறிதளவு புள்ளி வாங்கினாலோ, கொஞ்சம் செலவழித்தாலோ கெடு புதிதாகத் தொடங்கிவிடும். ஆனால் எல்லாமே கணக்கில் வராது. மாரியட்டில் இன்னொரு உறுப்பினருக்குப் புள்ளியை மாற்றிக் கொடுப்பது அசைவாக எண்ணப்படுவதில்லை. போனவற்றை மீட்க, தொலைபேசியை விட்டுவிட்டு எழுத்தில் கேளுங்கள், மருத்துவமனை ஆவணத்தோடு.

மற்றபடி, புள்ளியை மூன்று ஆண்டுகள் பூட்டி வைத்ததே தவறு. வட்டி தராத, நாளுக்கு நாள் தேய்கிற ஒன்றைச் சேமிப்பு என்று நினைக்கக் கூடாது.

வழிப்போக்கி:
வழிமுறைகளுக்கு நன்றி. கடைசி வரிக்கு இல்லை. "சேர்த்து வையுங்கள், கனவுப் பயணம் போங்கள்" என்று விளம்பரம் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் சொன்னபடி நடந்தவளைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

நாலுமூலை:
கெடு இல்லாமல் நடத்த முடியாது என்பதும் உண்மை இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2016 டிசம்பரில் சட்டமே கொண்டுவந்தது. காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புள்ளிகளை அழிக்கக் கூடாது என்று. ஐந்தாண்டு பழைய புள்ளிகளை அந்த ஆண்டு முடிவில் அழிக்க இருந்த ஏர் மைல்ஸ் என்ற கனடியப் புள்ளி நிறுவனம் அந்த முடிவையே கைவிட்டது. விமான நிறுவனங்களில் டெல்டா 2011-இல் காலாவதியை நீக்கியது, யுனைடெட் 2019-இல் நீக்கியது. இரண்டும் இன்றும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஐந்தொகை:
முழுவதையும் சொல்லுங்கள். டெல்டா 2015-இல், எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் (விமானப் புள்ளி) என்ற தன் பட்டியலை எடுத்துவிட்டது. யுனைடெட் காலாவதியை நீக்கிய அதே 2019-இல் தன் விமானங்களுக்கான பட்டியலையும் கைவிட்டது. நான் முதலில் சொன்னதும் இதுதான். ஒரு கதவை மூடினால் இன்னொன்று திறக்கிறது. ஒன்டாரியோ சட்டத்திலும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், நெடுநாள் அசைவில்லாத கணக்கை முடித்துவைக்க இடம் இருக்கிறது. வழிப்போக்கி இழந்தது அந்த வகையில்தான்.

வழிப்போக்கி:
இரண்டு கதவு இருந்தால் இரண்டையும் கேட்போம், ஐயா. ஒன்றுக்காக இன்னொன்றைப் பொறுத்துக்கொள் என்று ஏன் சொல்கிறீர்கள்?

நேற்றிரவு உட்கார்ந்து என் மின்னஞ்சல் பெட்டியை முழுவதும் தேடினேன். அந்த 14 மாதங்களில் அந்தக் குழுமத்திடமிருந்து 41 கடிதங்கள் வந்திருக்கின்றன. கோடைச் சலுகை, பண்டிகைச் சலுகை, புதிதாகத் திறந்த விடுதி, கடன் அட்டை. "உங்கள் 86,400 புள்ளிகள் இந்தத் தேதியோடு முடிகின்றன" என்று ஒன்றுகூட இல்லை. என் பெயர் தெரியும், முகவரி தெரியும், இருப்பு தெரியும், தேதியும் தெரியும். ஒரு வரி எழுதியிருந்தால் மருத்துவமனை நாற்காலியில் இருந்தபடியே நூறு புள்ளி வாங்கி எல்லாவற்றையும் காப்பாற்றியிருப்பேன். நான் மறந்தேன் என்பது உண்மை. அவர்கள் மறக்கவில்லையே.

ஐந்தொகை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. 41 கடிதம் அனுப்ப முடிந்தவர்களால் 42-ஆவதையும் அனுப்பியிருக்க முடியும். காலாவதிக்கு 60 நாள் முன்னாலும், மறுபடி 15 நாள் முன்னாலும் தனிக் கடிதம் போகாவிட்டால் அழிக்கக் கூடாது என்று விதி வந்தால் நான் முழுமனதோடு ஆதரிப்பேன். பயன்படாமல் போகும் பங்கைப் பற்றிய மதிப்பீடு மக்கள் விருப்பத்தைக் காட்ட வேண்டும். அவர்களை இருட்டில் வைத்து அந்த எண்ணை உயர்த்தினால் அது நான் ஆதரிக்கும் நிபந்தனை இல்லை.

முன்மேசை:
அந்த ஒரு விதி இருந்திருந்தால் என் மேசை முன்னால் நடந்த சண்டைகளில் பாதி நடந்தே இருக்காது.

வழிப்போக்கி:
சிக்கனம் சொன்னபடி ஆவணத்தோடு எழுதினேன். இன்று காலை பதில் வந்தது. ஒரு கட்டணம் கட்டினால் அத்தனை புள்ளிகளையும் திருப்பித் தருவார்களாம். அப்படியானால் அவை எங்கும் அழியவில்லை, எனக்கு மட்டும் மூடப்பட்டிருக்கின்றன. கோபம் இருமடங்கு ஆகிறது. ஆனாலும் கட்டப்போகிறேன். அம்மாவிடம் கடல் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தொகை:
கட்டுவதற்கு முன் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மீண்டு வரும் புள்ளிகளுக்குப் புதிய கெடு எந்தத் தேதி? அது குறுகியதாக இருந்தால், புள்ளி வந்த அன்றே அறையை முன்பதிவு செய்துவிடுங்கள். நடுவில் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் புள்ளி திரும்பி வருமா, வந்தால் பழைய கெடுவோடு வருமா என்பதையும் கேளுங்கள். அப்பாவின் உடல்நிலையை வைத்துப் பார்த்தால் அது முக்கியம். காலாவதியே கூடாது என்பதில் உங்களோடு இன்னும் உடன்படவில்லை. கடித விஷயத்தில் நீங்கள் எங்கே மனு கொடுத்தாலும் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.