மிக்-17 காக்பிட்டில் அந்த வெள்ளைக் கோடு எங்கே?

பிதுருமலை:
நம் மன்றத்தின் ஹட்டன் சிறகு நேற்று தன் மிக்-17எஃப் (சோவியத் போர் ஜெட்) காக்பிட் மாடலை, அதாவது விமானி அறையின் கணினி வடிவத்தை, ஃபிளைட்கியர் என்ற விமான சிமுலேட்டருக்கு வெளியிட்டார். 1971இல் இலங்கைக்கு வந்த விமானத்தின் உள்பக்கம் அச்சு அசலாக இதுதான் என்று எழுதியிருக்கிறார். கூடவே ஒரு வரி: "கருவிப் பேனலின் நடுவில் உள்ள வெள்ளைக் கோடு காட்சிக்கு வைத்தவர்கள் பிறகு பூசியது. பார்க்க நன்றாக இல்லை, டெக்ஸ்சரில் (மாடல் மேல் ஒட்டும் படத்தில்) அழித்துவிட்டேன்."

இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தக் கோட்டை யாரும் அழகுக்குப் பூசவில்லை. மிக்-15இலேயே அது உண்டு. விமானம் ஸ்பின்னில், அதாவது கட்டுப்பாடு இழந்து சுழன்றபடி, விழுந்தால் தலை சுற்றும், ஸ்டிக் (விமானத்தைத் திருப்பும் தடி) நடுவில் இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று கைக்குத் தெரியாது. அப்போது கண்ணுக்கு எதிரே நிற்கிற அந்தக் கோட்டுக்கு நேராக ஸ்டிக்கைக் கொண்டுவந்து முன்னால் தள்ள வேண்டும். கறுப்புப் பேனலில் வெள்ளையாக, மேலிருந்து கீழாக, சரியாக நடுவில் அது இருப்பது அதற்காகத்தான். விமானியின் உயிர் அந்தக் கோட்டில் இருந்தது. அதை அழித்துவிட்டு அச்சு அசல் என்று சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஹட்டன் சிறகு:
அண்ணே, எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பிளெண்டர் மென்பொருளில் செய்த வேலை. ஒவ்வொரு டயலின் முள்ளும் தனித்தனியாக அசைகிறது. சுவிட்ச் எல்லாம் மவுஸில் அழுத்தினால் வேலை செய்யும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கோடு மட்டும்தான் கண்ணில் பட்டதா?

இன்னொன்றும் சொல்கிறேன். என் மாடலில் ஸ்பின்னே வராது. விமானம் எப்படிப் பறக்கும் என்று சொல்கிற யாசிம் கோப்பை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஸ்பின் வராத விமானத்துக்கு ஸ்பின் கோடு எதற்கு?

பிதுருமலை:
ஸ்பின் வராத மிக்-17 என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்கு வேலை மிச்சம். ஆனால் நேற்று எழுதிய காரணம் வேறு. காட்சிக்கு வைத்தவர்கள் பூசியது என்றீர்கள். இன்று ஸ்பின் வராது என்கிறீர்கள். எது உண்மை? கோடு எங்கே?

பதுளைப் பையன்:
ரஷ்ய காக்பிட் என்றால் நீலப் பச்சை நிறம்தானே? இதில் சாம்பலாக இருக்கிறதே. அதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

ஹட்டன் சிறகு:
தம்பி, நீ சொல்கிற நிறம் மிக்-21 படங்களில் பார்த்தது. இதற்குச் சாம்பல்தான். அதையாவது நான் சரியாகச் செய்திருக்கிறேன் என்று பெரியவர்கள் ஒத்துக்கொள்ளட்டும்.

பிதுருமலை:
சாம்பல் சரி. கோடு?

பண்டாரவளை டீச்சர்:
நான் மாடலை இறக்கிப் பறந்து பார்த்தேன். கட்டுநாயக்கவில் ஏறி நுவரெலியாவுக்கு வந்தேன். உயரமானி அடிக் கணக்கில் காட்டுகிறது. சோவியத் விமானத்தில் உயரம் மீட்டரில், வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் இருக்கும். பிதுருதலாகலை 2524 மீட்டர். நம் மலையை நாமே தாண்டும்போது முள் இரண்டரையைத் தாண்ட வேண்டும், அதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். எட்டாயிரத்துச் சொச்சம் என்று காட்டினால் எனக்கு அது மிக் இல்லை.

ஹட்டன் சிறகு:
டீச்சர், இங்கே பறக்கிற பையன்கள் எல்லாரும் அடியில் பழகியவர்கள். மீட்டரில் கொடுத்தால் முதல் நாளே கிரிகரி ஏரியில் விழுவார்கள்.

பண்டாரவளை டீச்சர்:
பழகட்டும். பழகத்தானே சிமுலேட்டர்?

பிதுருமலை:
டீச்சர் சொன்னது நல்ல விஷயம், ஆனால் தயவுசெய்து திசை மாற்ற வேண்டாம். அடியும் மீட்டரும் டயலில் எழுத்தை மாற்றி, எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு எண்ணைப் பெருக்கினால் முடிந்தது. கோடு அப்படி இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்து தூக்கியது. தெரியாமல் விட்டிருந்தால் நானே டெக்ஸ்சர் வரைந்து அனுப்பியிருப்பேன்.

தெமோதரை வளைவு:
கோடு கோடு என்று நிற்கிறீர்களே, அந்த விமானம் எதற்கு வந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? 1971 ஜே.வி.பி. இளைஞர்களின் கிளர்ச்சியை அடக்கத்தான் சோவியத் ஒன்றியம் ஐந்து மிக்-17எஃப் விமானங்களையும் ஒரு மிக்-15 பயிற்சி விமானத்தையும் அனுப்பியது. 37 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, 23 மில்லிமீட்டர் இரண்டு. சொந்த நாட்டுப் பிள்ளைகளை அடக்க வந்த விமானத்தில் எனக்கு ரசிக்க ஒன்றும் இல்லை.

பிதுருமலை:
நான் ரசிக்கச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்கிறேன். அந்தப் பீரங்கிகளையும் மறைக்கக் கூடாது, கோட்டையும் மறைக்கக் கூடாது.

தெமோதரை வளைவு:
அப்படியானால் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். 1971 என்று போட்டுவிட்டு இலங்கை விமானப்படை என்று எழுதியிருக்கிறார். 1972 வரை அது ராயல் சிலோன் விமானப்படை. இது ஏன் உங்களுக்கு உறுத்தவில்லை?

பிதுருமலை:
உறுத்தியது. இறக்கையும் உறுத்தியது. மிக்-17இன் ஒவ்வொரு இறக்கை மேலும் மூன்று காற்றோட்டத் தடுப்புத் தகடுகள் உண்டு, மிக்-15இல் இரண்டு. இவர் இரண்டுதான் வைத்திருக்கிறார். அதாவது வெளியே மிக்-15, உள்ளே கோடு இல்லாத ஏதோ ஒன்று. நான் காக்பிட்டைப் பற்றி மட்டும் பேச வந்ததால் சொல்லவில்லை.

ஹட்டன் சிறகு:
இப்போது புரிகிறது. இது கோட்டுப் பிரச்சினை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஜெட் ப்ரோவோஸ்ட் விமான மாடலில் சக்கரம் ஓடுபாதைக்குள் புதைகிறது என்று நான் எல்லார் முன்னாலும் எழுதினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பிதுருமலை:
அந்தச் சக்கரத்தை மூன்றே நாளில் திருத்தினேன். என் டயல் டெக்ஸ்சரை எடுத்து உங்கள் பயிற்சி விமானத்தில் போட்டுவிட்டு என் பெயரைப் போடாமல் விட்டீர்களே, அது இன்னும் திருந்தவில்லை. சரி, அது தனிக் கணக்கு. கோடு எங்கே?

ஹட்டன் சிறகு:
அந்த டயலை நானே வரைந்தேன்!

பிதுருமலை:
ஆறு மணி முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு கீறல் இருக்கும், பாருங்கள். அது என் ஸ்கேனர் கண்ணாடியில் இருந்த கீறல்.

பதுளைப் பையன்:
யூரி ககாரின் இறந்ததும் மிக்-15 பயிற்சி விமானத்தில்தானே? அதில் கோடு இருந்தும் பிழைக்கவில்லையே.

பிதுருமலை:
தம்பி, 1968 மார்ச் 27இல் நடந்த விபத்தை இங்கே இழுத்துவந்து கோட்டுக்கு எதிராகச் சாட்சி வைக்காதே. அவர் 1961இல் இங்கே வந்து பேராதனைப் பூங்காவில் மரம் நட்டுவிட்டுப் போனவர். எங்கள் அப்பா சின்ன வயதில் என்னை அழைத்துப்போய் அந்த மரத்தைக் காட்டியிருக்கிறார். விமானம் என்ற ஆசையே எனக்கு அங்கேதான் வந்தது. அந்த மனிதரின் பெயரை இந்தச் சண்டையில் சேர்க்காதே. கோடு இருந்தால் யாரும் சாகமாட்டார்கள் என்று நான் எங்கே எழுதினேன்? கோடு இருந்தது, இருந்ததைக் காட்ட வேண்டும் என்றுதான் எழுதினேன்.

தெமோதரை வளைவு:
சோவியத் சோவியத் என்கிறீர்கள், அந்த மிக்-17 எஞ்சினின் வேர் இங்கிலாந்து. ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சினைப் பார்த்துச் செய்து வளர்த்ததுதான் விகே-1. அதையும் கொஞ்சம் சேர்த்து எழுதுங்கள்.

ஹட்டன் சிறகு:
எஞ்சின் சத்தம் நான் தனியாகச் செய்தது. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

பண்டாரவளை டீச்சர்:
சத்தம் மிக நன்றாக இருக்கிறது தம்பி. ஆஃப்டர்பர்னர் (எஞ்சினின் கூடுதல் உந்துவிசை) போடும்போது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆனால் உயரமானியை மீட்டருக்கு மாற்றுங்கள்.

பிதுருமலை:
இங்கே நானுஓயாவில் நேற்று மாலை கரண்ட் போனது, அதனால் பதில் தாமதம். நடுவில் என்னென்னவோ பேசியிருக்கிறீர்கள். என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

கோட்டை நானே வரைந்து இரண்டு டெக்ஸ்சர் செய்திருக்கிறேன். ஒன்று புதுப் பெயின்ட், இன்னொன்று ஸ்டிக் உரசி உரசி ஓரம் தேய்ந்தது. காசு வேண்டாம், பெயர் கூடப் போட வேண்டாம். கோப்பை மாற்றிப் போட்டால் போதும்.

ஹட்டன் சிறகு:
உங்கள் டெக்ஸ்சர் எனக்கு வேண்டாம் அண்ணே. எடுத்தால் அடுத்த வருஷம் இதையும் திருட்டு என்பீர்கள்.

இறக்கைத் தகடு மூன்றாக மாறியது. பெயர் ராயல் சிலோன் ஆனது. டீச்சருக்காக மீட்டர் டயல் ஒரு தெரிவாக வைத்திருக்கிறேன். இரண்டாம் பதிப்பு இப்போது ஏற்றியாயிற்று. பேனல் என் பேனல். அதில் கை வைக்க மாட்டேன்.

பண்டாரவளை டீச்சர்:
மீட்டர் வந்துவிட்டது! மிகவும் நன்றி தம்பி. இன்று ராத்திரியே பிதுருதலாகலையைச் சுற்றப் போகிறேன்.

பிதுருமலை:
இரண்டாம் பதிப்பை இறக்கினேன். தகடு மூன்று, எண்ணிப் பார்த்தேன். காக்பிட்டுக்குள் உட்கார்ந்து பேனலைப் பார்த்தேன்.

கோடு எங்கே?