எடை கூடக் கூடச் சுருள்வில்லின் மாறிலியும் கூடுகிறதே, ஏன்?

தொங்கும்_எடை:
செங்குத்தாகத் தொங்கும் சுருள்வில். 20 அலைவுக்கு ஆன நேரம், மூன்று முறை எடுத்த சராசரி: 100 கிராமுக்கு 13.8 வினாடி, 200க்கு 18.6, 300க்கு 22.5. அலைவு நேரம் = 2பை × √(நிறை ÷ மாறிலி) என்று போட்டால் மாறிலி (வில்லை ஒரு மீட்டர் நீட்டத் தேவையான விசை) 8.3, 9.1, 9.4 நியூட்டன்/மீட்டர் என்று ஏறிக்கொண்டே போகிறது. ஆட்டாமல் எடையேற்றி நீட்சியை அளந்தாலோ, 100 கிராம் கூட்டும்போதெல்லாம் 9.8 செ.மீ. நீள்கிறது, அதாவது மாறிலி 10. எதை நம்புவது?

இன்னொரு தொல்லை. 100 கிராமில் மட்டும், பத்துப் பன்னிரண்டு அலைவுக்குள் எடை பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிடுகிறது. மெல்ல விட்டால்தான் 20 வரை எண்ண முடிகிறது. மேல் கொக்கியிலிருந்து எடையின் நடு வரை அப்போது சுமார் 50 செ.மீ.

சீரலை:
காற்றுத்தடைதான். தடை இருந்தால் அலைவு நேரம் நீளும், கணக்கில் மாறிலி குறைந்து தெரியும்.

மூன்றில்_ஒன்று:
திசை சரி, அளவு சரியில்லை. 20 அலைவில் வீச்சு (நடுநிலையிலிருந்து எடை போகும் அதிகபட்ச தூரம்) பாதியாகக் குறைந்தாலும் அலைவு நேரம் கூடுவது 0.002 சதவீதம்கூட இல்லை. இங்கே 100 கிராமில் மாறிலி குறைந்து தெரிவது 17 சதவீதம். எண்ணிக்கைப் பிழையும் இல்லை: விடும்போதே 'ஒன்று' என்று எண்ணினால் 19ஐ 20 என்று எடுத்துக்கொள்வோம், மாறிலி 10 சதவீதம் போலக் *கூடும்*. அதுவும் எல்லா எடைக்கும் ஒரே விகிதத்தில். உங்கள் பிழையோ எடை ஏற ஏறச் சுருங்குகிறது. கணக்கில் வராத ஏதோ ஒரு நிலையான நிறை கூடவே ஆடுகிறது என்றுதான் இதற்குப் பொருள்.

அது வில்லேதான். மேல் நுனி அசைவதில்லை, கீழ் நுனி எடையின் வேகத்திலேயே போகிறது, இடையில் உள்ள சுற்றுகள் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில். ஒவ்வொரு சுற்றின் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த வர்க்கத்தை நீளம் முழுக்கக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு வரும். ஆகவே வாய்ப்பாட்டில் போட வேண்டிய நிறை: எடை + வில்லின் நிறையில் 1/3.

ஒற்றை அளவீட்டிலிருந்து மாறிலியைக் கணக்கிடாதீர்கள். அலைவு நேரத்தின் வர்க்கத்தை நிறைக்கு எதிரே வரைந்து சாய்வை எடுங்கள். உங்கள் எண்களுக்கு வர்க்கங்கள் 0.476, 0.865, 1.266, சாய்வு 3.95 வினாடி²/கிலோ. 4பை²ஐ அதனால் வகுத்தால் 10.0. கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, போகவும் கூடாது. நிறை அச்சை எதிர்ப்பக்கம் சுமார் 21 கிராமில் வெட்டும். வில்லைத் தராசில் வைத்துப் பாருங்கள், 60 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த 1/3 ஒரு தோராயம்தான். எடையே இல்லாமல் வில் தனியாக ஆடினால் 1/3க்குப் பதில் 4/பை², அதாவது 0.405 வரும். 100 கிராமும் அதற்கு மேலும் உங்கள் வில்லுக்கு அந்த வித்தியாசம் 1 கிராமுக்குள்தான்.

ஊசல்_நோக்கி:
பக்கவாட்டு ஆட்டத்துக்குக் காரணம் வேறு. 50 செ.மீ. நீளத்தில் அது ஒரு ஊசலும்கூட. வில்லின் நிறையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஊசலாக அதன் அலைவு நேரம் 1.36 வினாடி, மேலும் கீழுமாக 0.69. ஏறக்குறைய சரியாக இரண்டு மடங்கு! ஊசல் ஒரு முறை போய்வருவதற்குள் அதன் நீளம் இரண்டு முறை கூடிக் குறைகிறது. ஊஞ்சலில் நின்று உந்துபவர் செய்வதும் இதேதான். விடும்போது இருந்த சிறு கோணல் இப்படியே ஊட்டம் பெற்று வளர்கிறது. 300 கிராமில் அந்த விகிதம் 1.5 பக்கம், அதனால் தொல்லை இல்லை.

வில்லுக்கும் எடைக்கும் நடுவில் 15 செ.மீ. நூல் கட்டுங்கள். விகிதம் 2.2 பக்கம் போய்விடும், மேல்கீழ் அலைவு நேரம் மாறாது. வீச்சு 3 செ.மீ.க்குள் இருக்கட்டும், 100 கிராமில் 12 செ.மீ.யை நெருங்கினால் உச்சியில் நூல் தொய்ந்துவிடும், பிறகு அது சீரிசை இயக்கமே (மீள்விசை விலகலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் ஆட்டமே) அல்ல. நூல் முறுக்கில்லாததாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் எடை சுழலும்.

எண்ணுவதையும் நடுநிலையில் வைத்துக்கொள்ளுங்கள். எடை அங்கேதான் வேகமாகக் கடக்கும். உச்சியில் நின்று திரும்பும்போது எந்தக் கணம் என்று கண் தடுமாறும். பின்னால் ஓர் ஊசியைக் குறியாக நிறுத்தி, எடை கீழிறங்கிக் கடக்கும்போது 'பூஜ்யம்' என்று தொடங்குங்கள்.

தொங்கும்_எடை:
வில் 61 கிராம். மூன்றில் ஒரு பங்கு 20.3, கோடு வெட்டியது 20.6. நூல் கட்டிய பிறகு 100 கிராம் 20 அலைவும் நேராகவே ஆடுகிறது. ஒரு சந்தேகம்: புவியீர்ப்பு வாய்ப்பாட்டில் எங்குமே வரவில்லையே?

மூன்றில்_ஒன்று:
அது நடுநிலையைக் கீழே தள்ளுவதோடு சரி. மீள்விசை அந்தப் புதிய நடுநிலையிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை மட்டுமே பார்க்கிறது. மாறிலி மாறாத வரை, நிலவில் ஆட்டினாலும் 100 கிராமுக்கு அதே 13.8 வினாடிதான். அங்கே நீட்சி மட்டும் 1.6 செ.மீ.; அதனால் வீச்சை 3 செ.மீ. வைத்தால் அங்கே நூல் தொய்ந்துவிடும்.