ஜேசான் அரேல பழசு அழியாம புது வேல்யூ சேர்ப்பது எப்படி?

கேள்வி (புதுக்கோடர்):

வணக்கம் நண்பர்களே, மைஎஸ்கியூஎல் 8.0 யூஸ் பண்றேன். பதிவுகள்னு ஒரு டேபிள், அதுல டேக்ஸ்னு ஒரு ஜேசான் (JSON, டேட்டாவ டெக்ஸ்டா எழுதுற ஒரு வடிவம்) ஃபீல்டு, உள்ள அரேவா, அதாவது லிஸ்ட்டா, ["இசை","பயணம்"] மாதிரி இருக்கும். புது டேக் சேர்க்கணும்னா இப்போதைக்கு பிஎச்பில ரோவ செலக்ட் பண்ணி, டீகோட் பண்ணி, அரேல புஷ் பண்ணி, மறுபடி என்கோட் பண்ணி அப்டேட் போடுறேன். ஒரே பதிவுக்கு ரெண்டு பேர் ஒரே நேரத்துல டேக் போட்டா ஒருத்தர் போட்டது காணாம போயிடுது, எரரும் வர்றதில்ல, அதான் ரொம்ப கஷ்டமா இருக்கு. ஜேசான்_செட் போட்டு பார்த்தேன், லிஸ்ட் முழுக்க போய் புது வேல்யூ மட்டும் நிக்குது. டேட்டாபேஸ்லயே நேரா சேர்க்க வழி இருக்கா? சில ரோல டேக்ஸ் நல்-ஆ (NULL, வேல்யூவே இல்லாம) இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

பதில் (வினவி):

டேக் காணாம போறதுக்கு காரணம் நீங்க படிக்கிறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதாங்க. ரெண்டு பேரும் பழைய லிஸ்ட்டையே படிக்கிறாங்க, கடைசியா எழுதுறவர் லிஸ்ட் முதல்ல எழுதினவரோடத மூடிடுது. சேர்க்கிற வேலைய ஒரே அப்டேட் ஸ்டேட்மென்ட்டுக்குள்ள கொண்டு வந்துட்டா இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லோட சேமிப்பு எஞ்சின்) அந்த ரோவ லாக் பண்ணிடும், ரெண்டாவது ஆள் காத்திருந்து புது வேல்யூ மேலதான் சேர்ப்பார்.

அப்டேட் பதிவுகள் செட் டேக்ஸ் = ஜேசான்_அரே_அப்பெண்ட்(டேக்ஸ், '$', 'தமிழ்') வேர் ஐடி = 42

இதுல '$'ங்கிறது முழு அரேவ குறிக்குது. அத '$[0]'னு போட்டுடாதீங்க, அப்புறம் முதல் எலிமெண்ட்ட அரேவா மாத்தி அதுக்குள்ள சேர்த்துடும், [["இசை","தமிழ்"],"பயணம்"]னு வந்து நிக்கும்.

நல் இருக்கிற ரோல இந்த ஃபங்ஷன் நல்-ஐத்தான் திருப்பித் தரும், எரர் காட்டாது, சேர்ந்த மாதிரியே தெரியும் ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது. அதனால டேக்ஸ்ங்கிற இடத்துல கோயலெஸ்(டேக்ஸ், ஜேசான்_அரே())னு போடுங்க, டேக்ஸ் நல்-ஆ இருந்தா அதுக்கு பதிலா காலி அரேவ எடுத்துக்கும். பழைய கட்டுரைகள்ல ஜேசான்_அப்பெண்ட்னு இருந்தா அத எடுத்துக்காதீங்க, 5.7.9லயே பேரு மாறிடுச்சு, 8.0ல அந்த பழைய பேரையே தூக்கிட்டாங்க.

புதுக்கோடர்:

ரொம்ப நன்றிங்க, கோயலெஸ் போட்டதும் சரியாயிடுச்சு. இன்னும் ரெண்டு விஷயம். ஒரே டேக் ரெண்டு தடவ சேரக்கூடாது. அப்புறம் ஒரே நேரத்துல மூணு டேக் சேர்க்கலாம்னு '["கதை","கவிதை","நூல்"]'னு அனுப்பினா அது முழுசும் ஒரே ஸ்ட்ரிங்கா, உள்ள பேக்ஸ்லாஷோட போய் உக்காந்துடுச்சு.

பதில் (வினவி):

ஃபங்ஷனுக்கு அது வெறும் ஸ்ட்ரிங்தான், ஜேசான்னு அதுக்கு தெரியாது. காஸ்ட் (டைப் மாத்துறது) பண்ணி ஜேசானா மாத்தினாலும் அப்பெண்ட் அத ஒரே எலிமெண்ட்டா எடுத்து அரேக்குள்ள அரேவா வெக்கும். உங்களுக்கு வேண்டியது ஜேசான்_மெர்ஜ்_பிரிசர்வ், ரெண்டு அரேவ ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தரும். பேரு கிட்டத்தட்ட அதே மாதிரி ஜேசான்_மெர்ஜ்_பேட்ச்னு ஒண்ணு இருக்கு, அது பழைய அரேவ தூக்கிட்டு புதுச வெச்சுடும், பார்த்து போடுங்க.

டூப்ளிகேட்டுக்கு வேர் (WHERE) கண்டிஷன்ல நாட் ஜேசான்_கன்டெயின்ஸ் போடலாம், 8.0.17க்கு மேலன்னா மெம்பர் ஆஃப் இன்னும் சுலபம். ஆனா நல் இங்கயும் வரும்: டேக்ஸ் நல்-ஆ இருந்தா அந்த கண்டிஷனும் நல் ஆயிடும், ரோ அப்டேட்டே ஆகாது. வேர்லயும் அதே கோயலெஸ் வேணும்.

பதில் (யானைப்பாகன்):

போஸ்ட்கிரஸ்ங்கிற வேற டேட்டாபேஸ்ல இதையே தேடி வர்றவங்களுக்காக எழுதுறேன். ஃபீல்டு ஜேசான்பியா (jsonb, ஜேசானோட பைனரி டைப்) இருந்தா 9.5ல இருந்து ரெண்டு செங்குத்து கோடு ஆபரேட்டர் போதும், டேக்ஸ் || '["தமிழ்"]'::ஜேசான்பி. வெறும் ஜேசான் டைப்ல இந்த ஆபரேட்டர் கிடையாது, மாத்திக்கணும். நல் கதை இங்கயும் அதேதான். நடுவுல ஒரு இடத்துல சொருகணும்னா 9.6ல வந்த ஜேசான்பி_இன்சர்ட் இருக்கு. எஸ்கியூலைட் டேட்டாபேஸ்னா ஜேசான்_இன்சர்ட்ல பாதை (path) இருக்கிற இடத்துல '$[#]' குடுங்க, கடைசில போய் சேரும், அதுக்கு 3.31 வெர்ஷனாவது வேணும்.

பதில் (அட்டவணை):

மேல சொன்னது எல்லாமே சரி, ஆனா டேக்குக்கு அரே வேண்டாம்ங்க, இத நான் அழுத்தியே சொல்வேன். டூப்ளிகேட் வரக்கூடாது, ஒரு டேக்க வெச்சு பதிவுகள தேடணும், நாளைக்கு டேக் பேர மாத்தணும், இதெல்லாம் தனி டேபிள்ல பிரைமரி கீயும் (ரோவ அடையாளம் காட்டுற, திரும்ப வராத வேல்யூ) இண்டெக்ஸும் (வேகமா தேட உதவுற பட்டியல்) சும்மாவே செஞ்சு தர்ற வேலை. பதிவு ஐடி, டேக் ரெண்டையும் சேர்த்து பிரைமரி கீயா வெச்சா ஒரே டேக் ரெண்டாவது தடவ உள்ளயே வராது, வேர்ல நீங்க எழுதுற கண்டிஷன் எதுவும் தேவைப்படாது. 8.0.17ல அரேக்குன்னே மல்டி வேல்யூட் இண்டெக்ஸ் வந்துச்சு, தேடலுக்கு உதவும்தான், ஆனா பேரு மாத்துறப்ப ஒவ்வொரு ரோவா திறந்து அரேவ திருத்தணும். அப்புறம் 8.0ல ஜேசானோட ஒரு பகுதிய மட்டும் மாத்தி எழுதுற வசதி செட், ரீப்ளேஸ், ரிமூவ் மூணுக்குத்தான், அப்பெண்ட்டுக்கு இல்ல, அரே வளர வளர ஒவ்வொரு தடவையும் முழு டாக்குமெண்ட்டும் திரும்ப எழுதப்படும்.

பதில் (வினவி):

டேக்குக்கு நீங்க சொல்றது சரிதான். ஆனா எல்லா அரேக்கும் அப்படி சொல்ல மாட்டேன். வெளிய இருந்து வந்த டேட்டாவ வந்தபடியே வெச்சுக்கிறது, ரோவோட சேர்த்து மட்டுமே படிக்கிற சின்ன லிஸ்ட், அதுக்குள்ள தேடவோ ஜாயின் பண்ணவோ தேவையே இல்லன்னா அரேவே போதும்.

புதுக்கோடர்:

எனக்கு டேக்க வெச்சு தேடுற பக்கம் இருக்கு, அதனால தனி டேபிளுக்கே போறேன். இருக்கிற டேட்டாவ மாத்த பிஎச்பில லூப் எழுதணுமா?

பதில் (அட்டவணை):

வேண்டாம், ஜேசான்_டேபிள் இருக்கு. பதிவுகள் டேபிளோட அத ஜாயின் பண்ணி '$[*]' குடுத்தா அரேல இருக்கிற ஒவ்வொரு எலிமெண்ட்டும் தனி ரோவா விரியும், அத இன்சர்ட் செலக்ட்டா புது டேபிள்ல இறக்கிடுங்க. செலக்ட்ல டிஸ்டிங்க்ட் போட மறக்காதீங்க, பழைய டூப்ளிகேட் இருந்தா பிரைமரி கீ தடுத்து மொத்த இன்சர்ட்டும் நின்னுடும். நல் ரோ எல்லாம் தானா விட்டுப் போயிடும். பழைய ஃபீல்டு மட்டும் உடனே டிராப் பண்ணாதீங்க, ஆப்ல எல்லா இடமும் புது டேபிள்ல இருந்து படிக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் எடுங்க.