ஃபீடர் பஸ்ஸுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் துண்டறிக்கை ஒன்று போடுகிறது. சாலையை அகலப்படுத்திக்கொண்டே போனால் நெரிசல் தீராது. தெருமுனையிலிருந்து மெட்ரோ நிலையத்துக்கு அடிக்கடி பேருந்து ஓடினால்தான் ஜனங்கள் பைக்கை வீட்டில் விடுவார்கள் என்று கேட்கிறோம். அந்தப் பேருந்துக்கு 'ஊட்டுப் பேருந்து' என்று எழுதினேன். செயலாளர் "ஊட்டி பஸ்ஸா?" என்கிறார். வெள்ளிக்கிழமை அச்சு. உதவுங்கள்.
– மடிப்பாக்கம் க.

அம்மா, 'சிற்றுந்து' இருக்கிறதே! சிறுமை + உந்து: மை கெட்டு, தன்னொற்று இரட்டிச் சிற்றுந்து. பெருமை + உந்து: ஆதி நீண்டு பேருந்து. இந்த மாற்றங்களை நன்னூலின் 136ஆம் நூற்பாவே சொல்கிறது. அண்ணன் தம்பி மாதிரி நிற்கிற சொற்கள்.
– சேலம் புலவர்

ஐயா, அது அளவைத்தான் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் இரட்டைமாடிப் பேருந்தே இந்த வேலையைச் செய்கிறது. எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்தை ஒட்டிய முனையத்தில் கிளம்பி, வீவக (அரசு வீடமைப்புக் கழக) புளோக்குகளைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பும். அதைச் சிற்றுந்து என்றால் யாருக்கும் விளங்காது. 'இணைப்புப் பேருந்து' போதும், படித்தவுடன் புரியும்.
– சிங்கப்பூர் மு.

இணைப்பு என்றால் எதோடு எது? இரண்டு பெட்டி கோத்த நீளப் பேருந்தையும் அப்படித்தானே படிப்பார்கள்? எங்கள் சீமையில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். ஆங்கிலத்தில் அதுவும் ஃபீடர்தான். வரத்துக்கால் தூர்ந்துபோனால் எவ்வளவு பெரிய கண்மாயும் நிரம்பாது. கோடிக்கணக்கில் கொட்டி மெட்ரோ கட்டினாலும் கதை அதுதான். ஆகவே 'வரத்துப் பேருந்து'. 'கால்' என்ற சொல்லையும் பாருங்கள்: உடம்பில் கால், காற்றுக்கும் கால், நீர் ஓடும் தடத்துக்கும் கால். ஓடுவதெல்லாம் கால்தான்!
– சிவகங்கை ஆசிரியர்

அழகான விளக்கம் சார், மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அதே பேருந்து ஆட்களை நிலையத்திலிருந்து வெளியே கொண்டுபோகிறதே, அப்போது அது மடை அல்லவா? தவிர, வரத்து என்றாலே எங்களுக்குக் கோயம்பேட்டுக் காய்கறி வரத்துதான்.
– மடிப்பாக்கம் க.

போக்குவரத்திலும் வரத்து இருக்கிறதே அம்மா!
– சிவகங்கை ஆசிரியர்

கூடவே 'போக்கு' இருப்பதால்தான் அங்கே பொருந்துகிறது. உம்மைத்தொகையில் பாதியை வெட்டினால் பொருளும் பாதிதான். சிற்றுந்தைக் கைவிட எனக்கு மனமில்லை. இருந்தாலும் துண்டறிக்கை பாமரர் கைக்குப் போவது. இணைப்புப் பேருந்துக்கே என் வாக்கு.
– சேலம் புலவர்

சரி, தனிமடலில் சொன்னவர்களையும் சேர்த்து ஐந்து பேர் 'இணைப்புப் பேருந்து' என்கிறார்கள். அதையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.
– மடிப்பாக்கம் க.

போகட்டும் அம்மா, மக்கள் கேட்டது கிடைத்தால் போதும். ஆனால் நான் வகுப்பில் வரத்துப் பேருந்து என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். நேற்று எட்டாம் வகுப்பில் சொன்னேன். அப்போது கண்மாய் எது என்று கேட்டேன். "ஸ்டேஷன் சார்" என்றாள் ஒரு பிள்ளை, நான் விளக்குவதற்கு முன்பே.
– சிவகங்கை ஆசிரியர்