முன்பக்கம் ஒலி, பின்பக்கம் ஆட்டம்: நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி – வழிப்போக்கன்

வணக்கம். என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் டீசல், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகச் செல்லும்போது முன்பக்க இடப்புறத்திலிருந்து 'கட கட' என்று ஒலி வருகிறது. நான்குவழிச் சாலையிலோ ஒலி எதுவும் இல்லை. ஆனால் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டியதும் வண்டியின் பின்பகுதி இரண்டு மூன்று முறை எழும்பித் தாழ்ந்த பிறகே அடங்குகிறது. ஒரு பணிமனையில் வண்டியைத் தூக்கிப் பார்க்காமலேயே நான்கு ஷாக்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் நானே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை எவை?

மறுமொழி – பட்டறைக்காரன்

நீங்கள் சொல்வன இரண்டு தனித்தனிக் குறைகள் என்றே தோன்றுகிறது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது உண்டாகும் ஆட்டத்தை, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளி, வெப்பமாக மாற்றி அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஆகவே தேய்ந்த ஷாக் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் கெடும். பின்பகுதி எழும்பி எழும்பி அடங்குவதுதான் அதன் உண்மையான அறிகுறி.

மெதுவான வேகத்தில், சிறு மேடுபள்ளங்களில் கேட்கும் 'கட கட' ஒலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது லிங்க் ராடை, அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு தண்டை. வண்டி சமதரையில் நிற்கும்போது ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் அசைக்க, மற்றொருவர் சக்கரத்தின் பின்னே கையை விட்டு லிங்க் ராடின் மூட்டைத் தொட்டுப் பார்த்தால், தேய்ந்த மூட்டு 'டக்' என்று இடிப்பது விரலுக்குத் தெரியும். வெறும் ஜாக்கியில் தூக்கிய வண்டியின் அடியில் இதைச் செய்யாதீர்கள். நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'தங்' என்று விடுபடும் ஒலி வந்தால், அது ஸ்ட்ரட்டின் (முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த தொகுதி) தலையில் உள்ள மவுண்ட் எனும் தாங்கி அல்லது அதன் பேரிங்கின் கோளாறு. இவற்றில் எதற்கும் நான்கு ஷாக்கை மாற்றுவது மருந்தாகாது.

மறுமொழி – நெடுஞ்சாலை நாகம்மை

மேலே சொன்னதோடு, டயரையும் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல் சுற்றுவாக்கில் தடவினால், மேடும் குழியுமாக அங்கங்கே தேய்ந்திருப்பது தெரியவரலாம். சக்கரம் சாலையில் ஒட்டி ஓடாமல் துள்ளியதன் அடையாளம் அது. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட்டை, அதாவது சக்கரங்களின் கோண அமைப்பைச் சந்தேகியுங்கள்.

வண்டியின் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். கையை எடுத்த பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் உடனே அடங்கிவிட்டது என்பதால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது, ஏனெனில் சாலையில் சக்கரம் துள்ளும் வேகத்தை நம் கையால் கொண்டுவர இயலாது. எண்ணெய்க் கசிவிலும் கவனம் தேவை: மெல்லிய படலமாகத் தூசி ஒட்டியிருப்பது இயல்பே, உடல் முழுதும் நனைந்து, மண்ணோடு சேர்ந்து கருஞ்சேறாக வழிந்திருந்தால்தான் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். முன்பக்கத்தில் ஆக்ஸில் பூட் (அச்சின் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து தெறித்த கிரீஸையும் சிலர் ஷாக் கசிவு என்று காட்டுவதுண்டு.

வழிப்போக்கன்

இருவருக்கும் நன்றி. பின்பக்க வலது ஷாக் நீங்கள் சொன்னபடியே கருஞ்சேறாக நனைந்திருக்கிறது. பின்பக்க இடது ஷாக் உலர்ந்தே இருக்கிறது. முன்பக்க இடது லிங்க் ராடின் மேல்மூட்டு அசைகிறது. முன்பக்க ஷாக்குகளில் கசிவில்லை, முன் டயர்களும் சீராகவே தேய்ந்திருக்கின்றன. கசிகிற ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? எண்ணெய் நிரப்பிச் சரிசெய்த பழைய ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றும் சொல்கிறார்கள்.

மறுமொழி – பட்டறைக்காரன்

ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருக்கும்; வளைவிலும் திடீர் பிரேக்கிலும் வண்டியின் இரு பக்கமும் ஒரேமாதிரி நடந்துகொள்ளாது. ஆகவே பின்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முன்பக்கத்திற்கு இப்போதைக்கு லிங்க் ராடு இரண்டும் போதும். துளையிட்டு எண்ணெய் ஊற்றி ஒட்டிய ஷாக்கை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். தேய்ந்த வால்வும் போன வாயு அழுத்தமும் அதனால் திரும்பி வருவதில்லை.

ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருப்பதால் வேலை எளிது. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் பின் அச்சை ஜாக்கியால் தாங்கிக்கொண்டுதான் கீழ் போல்ட்டைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அச்சு திடீரெனத் தொங்கி ஸ்பிரிங் நழுவிவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும். புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, முழுவதுமாகச் சில முறை அமுக்கி இழுத்த பிறகு பொருத்தச் சொல்லுங்கள். மேல் நட்டை இறுக்கும்போது பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்க விடாதீர்கள். அதில் விழும் ஒரு கீறல் புதிய சீலையே அறுத்துவிடும். கீழ் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பம்ப் ஸ்டாப்பரும் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் மெத்தை) தூசுறையும் பொடிந்திருந்தால் கையோடு மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

வழிப்போக்கன்

இதற்குப் பிறகு வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டுமா?

மறுமொழி – நெடுஞ்சாலை நாகம்மை

பின்பக்க ஷாக்குக்கும் லிங்க் ராடுக்கும் தேவையில்லை. பிற்காலத்தில் எப்போதாவது முன் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் கட்டாயம் பாருங்கள். அந்த வேலையை வீட்டில் முயலவும் வேண்டாம், அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொன்றுவிடும்.