ஆறு பிரசவ வகுப்புக்கு 6,000 ரூபாய்: போகலாமா, வேண்டாமா?

கோவைப்பொண்ணு:
எனக்கு 28 வாரம், முதல் பிள்ளை. செக்கப் போகும் ஆஸ்பத்திரியில் ஆறு வகுப்பு நடத்துகிறார்கள், மொத்தம் 6,000 ரூபாய். அட்டவணையில் பாதிக்கு மேல் யோகா, மூச்சுப் பயிற்சி, வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பாட்டு போடுவது. நான் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. எந்த வலிக்குக் கிளம்ப வேண்டும், எது பொய் வலி? தையல் ஆற எத்தனை நாள்? பால் வராவிட்டால் என்ன செய்வது? அம்மாவோ, "ஆறு பெற்ற உன் பாட்டி எந்தக் கிளாசுக்குப் போனாள்?" என்கிறார்.

தஞ்சை ராமு:
அம்மா சொல்வதுதான் சரி. என் மகளுக்கு இரண்டு பிரசவம், எந்த வகுப்புக்கும் போகவில்லை. கர்ப்பமாக இருக்கும் பெண்ணிடம் கத்தி, தையல், ரத்தம் என்று பேசினால் இருக்கும் தைரியமும் போய்விடும். அதையெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். 6,000 ரூபாய்க்குப் பழமும் முட்டையும் வாங்கிச் சாப்பிடம்மா.

இருவரின் அம்மா:
ஐயா, பாட்டி காலத்தில் அந்தத் தெருவில் பத்துப் பேர் பிள்ளை பெற்றதைப் பக்கத்தில் இருந்தே பார்த்திருப்பார்கள், அதுதான் அவர்களுக்கு வகுப்பு. நான் பச்சைக் குழந்தையைக் கையில் தூக்கியதே என் முதல் பிள்ளையைத்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்து போனேன், வலி இல்லை, காலையில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், ஏன் ஆபரேஷன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் மயக்கம் தெளிவதற்குள் பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுத்துவிட்டார்கள், சீம்பால் வீணானது. தைரியம் போனது அன்றுதான் ஐயா, முன்பே தெரிந்திருந்ததால் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நடக்கும் ஒன்றைப் பற்றி வகுப்பில் வாய் திறக்கக்கூடாதா?

தஞ்சை ராமு:
வலியில் துடிக்கும் பெண் டாக்டரோடு விவாதம் செய்துகொண்டிருப்பாளா? இந்த மாநிலத்தில் லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார் இறந்த நிலை (2007-09) 54ஆக (2018-20) இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் பேச்சைக் கேட்டதால் வந்த பலன் இது. அந்த நம்பிக்கையைக் கெடுக்காதீர்கள்.

இருவரின் அம்மா:
டாக்டரை எதிர்க்கச் சொல்லவே இல்லையே. இரண்டாவதும் சிசேரியன்தான். ஆனால் அந்த டாக்டர் உட்கார்ந்து, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, இன்னும் காத்திருந்தால் ஆபத்து என்று சொன்னார். நான் இரண்டு கேள்வி கேட்டேன், பதில் வந்தது, சரி என்றேன். அந்த வடு எனக்கு வலிக்கவே இல்லை. கோவைப்பொண்ணு, கர்ப்பவாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவ வலி வேகமெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே சொல்லியிருக்கிறது. முதல் பிள்ளைக்கு அதற்கு முன்பு பல மணி நேரம் ஆகலாம். அது தெரிந்தால் 2 செ.மீ.யிலேயே "இன்னுமா ஆகவில்லை" என்று கேட்கும் சொந்தக்காரர்களைப் பார்த்துப் பதற மாட்டாய்.

கிராமத்து நர்ஸ்:
பதினைந்து வருடமாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். காசு கட்டித்தான் கற்க வேண்டும் என்பதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே சொல்கிறோம். ஆனால் பரிசோதனை நாளில் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, அடுத்த தேதி, அவ்வளவுதான் பேச முடிகிறது, அது எங்கள் குறைதான். எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்று, "வலியில் கத்தினால் திட்டுவார்களா அக்கா?" என்று கேட்பாள். என்னிடம் அதிகம் வந்த கேள்வி அதுதான். எந்த அட்டவணையிலும் அது இல்லை. கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள அரசு ஆஸ்பத்திரியில் அனுமதி உண்டு, யார் வருவார் என்று இப்போதே முடிவு செய்துவிடம்மா. ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்குவது, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடு.

புது அப்பா:
கணவர்களையும் கூப்பிடுங்கள். எங்கள் வகுப்பு புதன்கிழமை பகல் 11 மணிக்கு, நான் எப்படிப் போவது? குழந்தை பிறந்த நாலாம் நாள் மனைவி காரணமே இல்லாமல் அழுதாள், மாமியார் கண்ணேறு என்று சுற்றிப்போட்டார். நிறையத் தாய்மாருக்கு அப்படி வரும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பத்து நாள் அவளைத் தனியாக விட்டுவிட்டேன்.

தஞ்சை ராமு:
தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், என் மகளும் அப்படி அழுதாள், நாங்கள் அதட்டினோம். ஆனால் ஆபரேஷன் பேச்சை ஏழாம் மாதத்தில் எடுப்பது இப்போதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கோவைப்பொண்ணு:
எனக்குச் சரியாகப் படுகிறது ஐயா, படுக்கப் போட்டபின் கேட்பதைவிட இப்போது கேட்டால் தூங்கி எழுந்து யோசிக்க நேரம் இருக்கும். ஐந்தாவது வகுப்பு பாலூட்டுவது பற்றியாம், ஆறாவது பிரசவ அறையைச் சுற்றிக் காட்டுவது. அந்த இரண்டுக்கு மட்டும் பணம் கட்டலாமா என்று நாளை கேட்கிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நர்ஸ் அக்கா, அந்தக் கத்தும் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

கிராமத்து நர்ஸ்:
"கத்தும்மா, நான் பக்கத்தில்தான் இருப்பேன்" என்பேன்.