ஜோகன்னஸ்பர்க்கில் வீடு: சீனர்கள் எப்படி இடம் பார்க்கிறார்கள்?

புதுக்குடித்தனம்:
வணக்கம். வேலை பெட்ஃபோர்ட்வியூவில். கம்பெனி கொடுத்த விடுதி மாதக் கடைசியோடு முடிகிறது. பொங்கல் கழித்து மனைவியும் மகளும் வருகிறார்கள். எந்த ஏஜெண்டிடம் போனாலும் இந்த நாட்டுக் கடன் வரலாறு கேட்கிறார். இப்போதுதான் வந்தவனிடம் அது எங்கே இருக்கும்? என்னோடு வேலைக்குச் சேர்ந்த சீனப் பையனோ விமானம் இறங்கிய ராத்திரியே சீனர்கள் நிறைந்த சிரில்டீனில், டெரிக் அவென்யூ பக்கம், ஓர் அறையில் போய்ப் படுத்துவிட்டான். இவர்கள் எப்படித்தான் இடம் பிடிக்கிறார்கள்? நானும் அங்கேயே பார்க்கலாமா?

ஃபோர்ட்ஸ்பர்க் கணக்கர்:
தம்பி, அவன் எங்கே பார்த்தான்? ஊர்க்காரன் யாராவது பார்த்து வைத்திருப்பான். சீனக் கடைக்காரர்கள் சிலருக்கு வருஷக்கணக்காக வாட் கணக்கு எழுதுகிறேன், பெரும்பாலும் ஃபூஜியான் மாகாணத்துக்காரர்கள். விளம்பரம் பார்த்துக் குடிபோனதாக ஒருவர்கூடச் சொன்னதில்லை. மாமனோ மச்சானோ கடை வைத்திருக்கும் ஊர்தான் முதல் ஊர். அது ஜோகன்னஸ்பர்க்காகக்கூட இருக்காது, லிம்போபோ மாகாணத்தில் ஏதாவது சின்ன டவுனாக இருக்கும். படுக்கை கடைக்குப் பின்னாலேயே. சரக்கெடுக்க டிராகன் சிட்டிக்கும் கிரவுன் மைன்ஸ் மொத்தக் கடைகளுக்கும் வருவார்கள். வந்தால் சாப்பாடு, ராத்தங்கல், முடிவெட்டு எல்லாம் சிரில்டீனில்.

அங்கே மளிகைக்கடைக் கதவுகளைப் போய்ப் பார். சீன எழுத்தில் கையால் எழுதின சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும்: அறை வாடகைக்கு, ஆள் தேவை, பழைய பக்கி (சின்ன சரக்கு வண்டி) விற்பனைக்கு. போன் நம்பரைக் கிழித்துக்கொள்ள வசதியாக அடிப்பக்கத்தை நறுக்கி விட்டிருப்பார்கள். இப்போது பாதி வேலை வீசாட் என்கிற சீனச் செய்திச் செயலியிலேயே முடிகிறது. வீட்டுக்காரரும் சீனர் என்றால் வங்கிக் காகிதம் கேட்பதில்லை, நீ யாருடைய ஆள் என்றுதான் கேட்பார். உன் பக்கம் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

சிரில்டீன் பழைய சைனா டவுனும் இல்லை. முதல் சைனா டவுன் நகர மையத்தில் கமிஷனர் தெருவின் மேற்குக் கோடியில் இருந்தது. காண்டனீஸ், ஹக்கா குடும்பங்கள். சிரில்டீன் யூதர்கள் நிறைய இருந்த இடம். அவர்கள் வடக்கே நகர, 1990களில் புதுச் சீனர்கள் வந்தார்கள். விமான நிலையத்துக்குப் போகும் ஆர்24 சாலை பக்கத்திலேயே. கடையும் வீடும் அடுத்தடுத்து. ரொக்கத்தோடு இருட்டில் திரும்புகிறவனுக்கு இது சாதாரண விஷயமில்லை. சீனக் கடைக்காரன் கையில் காசு இருக்கும் என்று பின்தொடர்ந்து வந்து அடிக்கிற கும்பல்கள் இருக்கின்றன.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் காசு சேர்ந்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். என் மகள் வகுப்பில் இருக்கிற சீனப் பிள்ளைகளுக்கு வீடு பெட்ஃபோர்ட்வியூ, ஈடன்வேல். பள்ளிக்கூடம், காவலாளி நிற்கும் கேட், சமையல் சாமானுக்குக் கூப்பிடு தூரத்தில் சிரில்டீன். பாகற்காய்க்கும் காராமணிக்கும் நானே அங்கேதான் போகிறேன். கறிவேப்பிலைக்குத்தான் ஃபோர்ட்ஸ்பர்க் ஓட வேண்டியிருக்கிறது! குடும்பத்தோடு டெரிக் அவென்யூ வேண்டாம், தம்பி. நான் பார்த்த வீடுகள் அறை அறையாகப் பிரித்து விட்டவை, அடுப்பு பொது.

சாட்ஸ்வர்த் பேரன்:
ஊர்க்காரனைத் தேடிப் போவது சீனர்கள் மட்டுமா? சென்னையிலிருந்து வந்த என் நண்பர்கள் மிட்ராண்டில் ஒரே வளாகத்தில் அடைந்து கிடக்கிறார்கள். எங்கள் தாத்தாவுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950 குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பன் நகருக்குள்ளிருந்து புறநகரான சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளினார்கள். சீனர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர் என்பதால் போர்ட் எலிசபெத்தில் கபேகா பார்க்கைத் தவிர அவர்களுக்கென்று பகுதி ஒதுக்கவில்லை. மற்ற இடங்களில் அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் சம்மதித்தால் இருக்கலாம் என்று அப்போது விட்டிருந்தார்கள். அந்தப் பழைய குடும்பங்கள் இன்றும் சிதறித்தான் இருக்கின்றன. சிரில்டீனுக்குச் சாப்பிட வருவார்கள், அவ்வளவுதான்.

புதுக்குடித்தனம்:
அக்கா, ஈடன்வேல் பக்கம் பார்க்கிறேன். ஆனால் கேட் போட்ட வளாகத்தில் கடன் வரலாறு இல்லாமல் விடுவார்களா?

ஃபோர்ட்ஸ்பர்க் கணக்கர்:
குத்தகையைக் கம்பெனி பெயரில் எழுத முடியுமா என்று எச்.ஆரிடம் கேள். மாட்டேன் என்றால் சம்பளக் கடிதமும் வேலை ஒப்பந்தமும் வாங்கிக்கொள், முன்பணம் கூடுதலாகத் தருகிறேன் என்று சொல். பெரிய ஏஜென்சிகளை விடு, வீட்டுச் சொந்தக்காரர் நேரடியாக விடுகிற இடமாகப் பார். அப்புறம், வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பிவிடாதே.